உடைந்தது ஒரு கிளிப். எறிவது முழுப் பொருளையா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம் கவனமெல்லாம் புராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் என்று பெரிய பெயர்களின் மீதுதான் இருக்கும். இந்த மாதம் அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைப் பற்றி எழுதப் போகிறேன். அது உடைந்தால் இன்று என்ன நடக்கிறது, உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. உங்கள் மேஜை மீதிருக்கும் கம்ப்யூட்டருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

கேபினட்டில் இருக்கும் கிளிப்

முதலில் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்கலாம். 2004ல் 775 சாக்கெட் வந்ததிலிருந்து பல ஆண்டுகளாக இன்டெல் தன் புராசசருடன் பெட்டியில் வைத்துத் தந்த விசிறி, மதர்போர்டில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் பொருத்தப்படுகிறது. இந்த நான்கும் சேர்ந்துதான் ஹீட் சிங்க்கை புராசசர் மீது அழுத்திப் பிடிக்கின்றன. ஒன்று உடைந்தாலும் அந்த மூலை தூக்கிக் கொள்ளும். வெப்பம் சரியாக வெளியேறாது. கம்ப்யூட்டர் முதலில் மெதுவாகும். சூடு எல்லை மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரத்தை நிறுத்தி வைப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் ஊசி!

அடுத்து, நெட்வொர்க் கேபிளின் முனையைப் பாருங்கள். உள்ளே செருகும்போது "டிக்" என்று ஒரு நாக்கு மாட்டிக் கொள்கிறதல்லவா? அந்த நாக்கு ஒடிந்தால் கேபிள் அடிக்கடி கழன்று வரும். இன்டர்நெட் வந்து வந்து போகும். ஆனால் யாரும் புது மோடம் வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய முனையை வெட்டிவிட்டு, சில ரூபாயில் புது முனையை கிரிம்ப் செய்து தந்துவிடுவார்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அந்த முனையின் அளவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எந்த நிறுவனம் செய்தாலும் அதே அகலம், அதே எட்டு கம்பி. அளவு பொதுவில் இருப்பதால் சிறிய ஊர்க் கடையிலும் அந்த முனை கிடைக்கிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நான் சொல்ல வருவதன் அடிப்படை இதுதான்.

குதிக்கும் வலையில் இருக்கும் கிளிப்

இனி கம்ப்யூட்டரை விட்டு வெளியே வருவோம். பொருட்காட்சியில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் வலையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் டிராம்போலின். 1930களின் நடுவில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் நிஸ்ஸன், லாரி கிரிஸ்வோல்ட் என்ற இருவர் இன்றைய டிராம்போலினுக்கு முன்னோடியைச் செய்தார்கள். இரும்புச் சட்டம், நடுவில் கேன்வாஸ் துணி, இரண்டையும் இணைக்கும் ஸ்பிரிங்குகள். நிஸ்ஸனுக்கு 1945ல் காப்புரிமை கிடைத்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இப்போது வீட்டுக்குள் வைத்து உடற்பயிற்சி செய்ய, கல்யாணத் தாம்பாளத்தைப் பெரிதாக்கியது போன்ற சிறிய டிராம்போலின்கள் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் இழை கொண்ட எலாஸ்டிக் கயிறு இருக்கிறது. சத்தம் வராது, முழங்காலுக்கும் இதம் என்பது விற்பவர்கள் சொல்லும் காரணம். இந்தக் கயிறு சட்டத்தைச் சுற்றி வரும் இடத்தில், அது நழுவாமல் பிடித்துக் கொள்ள ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். கிளாம்ப் என்றும் சொல்வார்கள். ஒரு டிராம்போலினில் இப்படி முப்பதுக்கு மேற்பட்ட கிளிப்புகள்கூட இருக்கலாம். எல்லாக் கயிறுகளும் ஒரே அளவு இழுத்துப் பிடித்தால்தான் வலை சமமாக நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. மாப்பிள்ளை ஆன்லைனில் இப்படி ஒரு டிராம்போலின் வாங்கினார். விலை ஆறாயிரத்துச் சொச்சம். தங்கைக்கு உடற்பயிற்சி, மகளுக்கு விளையாட்டு. எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கிளிப் விரிசல் விட்டு உடைந்தது. பக்கத்துக் கயிறுகளின் மேல் சுமை கூடியது. அடுத்த பதினைந்து நாட்களில் அதை ஒட்டியிருந்த இன்னும் இரண்டு போயின. வலை ஒரு பக்கம் தொங்கியது.

விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தோம். "கிளிப் மட்டும் தனியாகத் தருவதில்லை சார். புதிதாக ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள், தள்ளுபடி போட்டுத் தருகிறோம்" என்று பதில் வந்தது. சட்டம் நன்றாக இருக்கிறது. வலை நன்றாக இருக்கிறது. கயிறுகளும் நன்றாக இருக்கின்றன. மூன்று கிளிப்புக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

அப்போது தங்கை மகள் என்னிடம், "மாமா, நீங்கதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுவீங்களே, இதைப் பண்ண முடியாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் "முடியும்" என்பதும் உண்மை, "கூடாது" என்பதும் உண்மை. இரண்டையும் விளக்குகிறேன்.

எப்படி முடியும்?

முப்பரிமாண அச்சு, அதாவது த்ரீ-டி பிரிண்டிங் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண பிரிண்டர் காகிதத்தில் மை வைக்கிறது. இது உருக்கிய பிளாஸ்டிக் இழையைப் படலம் படலமாக ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பொருளையே உருவாக்குகிறது. 2005ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், வீட்டில் வைத்துக் கட்டக்கூடிய இத்தகைய பிரிண்டருக்காக ரெப்ராப் என்ற திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இந்த முறைக்கான முக்கியமான காப்புரிமை ஒன்று 2009ல் காலாவதியானதும் விலை மளமளவென்று இறங்கியது. இன்று நல்ல மொபைல் போன் வாங்கும் பணத்துக்கு ஒரு பிரிண்டர் வாங்கிவிடலாம். மத்திய அரசு 2016ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின் மூலம் பல பள்ளிகளுக்கும் இது போயிருக்கிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. வரைவதற்கு உங்கள் கம்ப்யூட்டர் போதும். செய்ய வேண்டியவை இவைதான்:

1. உடையாத கிளிப் ஒன்றைக் கழற்றி, வெர்னியர் காலிபரால் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். உள் விட்டம், தடிமன், வாய் அகலம் எல்லாம் தேவை.

2. பிரவுசரில் டிங்கர்கேட் என்ற இலவசத் தளத்தைத் திறந்து, பெட்டி, உருளை போன்ற வடிவங்களை இழுத்து வைத்து வரையுங்கள். குழந்தைகளே பயன்படுத்தும் அளவுக்கு எளிது. கம்ப்யூட்டரில் பதிந்து வேலை செய்ய விரும்பினால் ஃப்ரீகேட் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது.

3. முடிந்ததும் எஸ்.டி.எல். பைலாக சேவ் செய்யுங்கள். அதை பென் டிரைவில் போட்டு, திருச்சி போன்ற ஊர்களில் உள்ள த்ரீ-டி பிரிண்டிங் கடைகளில் கொடுத்தால் அச்சிட்டுத் தருவார்கள்.

அளவெடுத்து வரைய எனக்கு ஒரு மாலை நேரம் ஆனது. பத்து கிராம் எடையுள்ள கிளிப். பிளாஸ்டிக் இழை ஒரு கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பொருளுக்கான செலவு பத்து ரூபாய்தான். அச்சிட்ட கிளிப் சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஏன் கூடாது?

ஆனால் தங்கை மகளை அதில் ஏறிக் குதிக்க நான் விடவில்லை. காரணம் கேளுங்கள்.

த்ரீ-டி பிரிண்டில் வரும் பொருள் ஓலைச்சுவடிக் கட்டு மாதிரி. ஓலையின் நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறுக்க முடியாது. ஓலைகளைத் தனித்தனியாகப் பிரிப்பது சுலபம். அச்சிட்ட பொருளும் அப்படித்தான், படலங்களுக்கு நடுவே பலவீனமாக இருக்கும். தொழிற்சாலையில் செய்த கிளிப், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தது. அதில் படலங்கள் இல்லை.

இரண்டாவது, சூடு. பி.எல்.ஏ. என்ற வகைதான் அதிகம் பயன்படும் இழை. அது ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் முற்றத்தில் கிடக்கும் கறுப்பு பிளாஸ்டிக் எவ்வளவு சுடும் என்பது உங்களுக்கே தெரியும். பி.இ.டி.ஜி. என்ற வகை ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். ஆனாலும் படலப் பிரச்சினை அதிலும் உண்டு.

மூன்றாவது, ஓயாத இழுப்பு. யாரும் குதிக்காத நேரத்திலும் எலாஸ்டிக் கயிறு கிளிப்பை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இப்படித் தொடர்ந்து இழுக்கப்படும் பி.எல்.ஏ. மெல்ல மெல்ல வடிவம் மாறும். ஒருவர் குதித்து இறங்கும்போதோ, அவர் எடையைப் போலப் பல மடங்கு விசை வந்து விழுகிறது. அந்த நேரத்தில் கிளிப் தெறித்தால், கயிறு கவட்டையில் இழுத்து விட்டது போலப் பாயும். அது கண்ணில் பட்டால்? குழந்தை சட்டத்தின் மேல் விழுந்தால்?

ஆகவே என் கொள்கை இதுதான். மிக்சியின் திருகுக் குமிழ், ரிமோட்டின் பேட்டரி மூடி, கீபோர்டின் கால், தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயைத் தரையோடு பிடிக்கும் கொக்கி — இவற்றைத் தாராளமாக வரைந்து அச்சிடுங்கள். உடைந்தால் இன்னொன்று அச்சிட்டுக் கொள்ளலாம். மனிதரின் எடை, மின்சாரம், நெருப்பு, பிரேக் இவற்றோடு தொடர்புள்ள பாகத்தை, அதை வடிவமைத்தவர் எந்தப் பிளாஸ்டிக், எந்தத் திசை, எவ்வளவு சுமை என்று சொல்லாதவரை வீட்டில் அச்சிடாதீர்கள்.

பழி யார் மேல்?

இப்போது சொல்லுங்கள். ஆறாயிரம் ரூபாய்ப் பொருள் சுவரில் சாய்ந்து நிற்பதற்கு யார் காரணம்? என்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, சாப்ட்வேர் இலவசம், பிரிண்டர் ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கிளிப்பைப் பற்றிய சரியான தகவல். அது இருப்பது தயாரிப்பாளரிடம். கிளிப்பை வார்க்கும் அச்சே கம்ப்யூட்டர் வரைபடத்தை வைத்துத்தான் செய்யப்படுகிறது. அந்தப் பைல் அவர்களிடம் எங்கோ ஒரு போல்டரில் தூங்கிக் கொண்டிருக்கும்.

நான் கேட்பது மிகச் சாதாரணமானது. உதிரிப் பாகத்தை விற்றுக் கொடுங்கள். விற்க மனமில்லை என்றால் வரைந்து கொடுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல், "புதிது வாங்கு" என்று சொல்லக் கூடாது.

தயாரிப்பாளர்கள் பதில் சொல்வார்கள். "உதிரிப் பாகங்களை அடுக்கி வைக்கக் கிடங்கு வேண்டும், ஆள் வேண்டும், செலவு." ஒப்புக்கொள்கிறேன். பைலை அடுக்கி வைக்கக் கிடங்கு வேண்டாமே! "கண்டவர்கள் மோசமாகச் செய்து, விபத்து நடந்தால் எங்கள் பெயர் கெடும்." இதில் நியாயம் இருக்கிறது. மேலே நானே அந்த ஆபத்தைச் சொன்னேன். அப்படியானால் இந்தக் கிளிப் போன்ற சுமை தாங்கும் பாகங்களை அவர்களே செய்து, ஐந்து கிளிப் கொண்ட பாக்கெட்டாக விற்கட்டும். தபாலில் வரட்டும். நூறு ரூபாய் என்றாலும் தருவோம். ஆபத்தைக் காட்டிப் பைலை மறுப்பவர், பாகத்தையும் மறுத்தால் என்ன அர்த்தம்? தகவல் கிடைக்காதவர்தான் உடைந்த கிளிப்பின் இடத்தில் கட்டுக் கம்பியைச் சுற்றிவிட்டுப் பிள்ளையைக் குதிக்க விடுவார்.

நடக்காத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் நாடு 2020ல் கொண்டு வந்த வீணாக்கத் தடுப்புச் சட்டம் இதையே பேசுகிறது. அவசியமான ஓர் உதிரிப் பாகம் சந்தையில் கிடைக்காமல் போய், அது த்ரீ-டி பிரிண்டரில் செய்யக் கூடியதாக இருந்தால், கேட்கும் பழுது பார்ப்பவருக்கு அதன் வரைபடத்தைத் தயாரிப்பாளர் தர வேண்டும். குறிப்பிட்ட சில வகைப் பொருட்களுக்கு மட்டும்தான், அதுவும் உரிமை வைத்திருப்பவர் சம்மதித்தால்தான். இருந்தாலும் வாசல் திறந்திருக்கிறது. 2025ல் பிலிப்ஸ் நிறுவனமே தன் சவர இயந்திரத்தின் சீப்புக்கான வரைபடத்தை, யாரும் டவுன்லோட் செய்து அச்சிடும்படி பிரிண்டபிள்ஸ் என்ற தளத்தில் வைத்தது. ஒரு நிறுவனம் செய்ய முடிந்ததை மற்றவர்கள் ஏன் செய்யக் கூடாது?

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ல் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம். உடற்பயிற்சிக் கருவியும் விளையாட்டுச் சாமானும் இந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை.

பாறையில் எழுதிய பாடம்

இவ்வளவும் நடந்த குடுமியான்மலைக்கு ஒரு பெருமை உண்டு. சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றின் பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏழு பகுதிகளாகப் பிரித்து, எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்று கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவரான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தனக்குத் தெரிந்த வித்தையை ஓர் அரசர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பாறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்தார். கயிறு பிடிக்கும் ஒரு கிளிப்பின் அளவைச் சொல்ல நம் காலத்து நிறுவனங்கள் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

நீங்கள் செய்ய வேண்டியவை

கோரிக்கை அவர்களிடம் போய்ச் சேரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

வாங்கும் முன் கேளுங்கள்: எந்தப் பொருளானாலும், "இதில் எளிதில் உடையும் பாகம் எது? அது தனியாகக் கிடைக்குமா? என்ன விலை?" என்று எழுத்தில் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது கேள்வி பதில் பகுதியில் கேட்டால் மற்றவர்களுக்கும் உதவும். கூடுதல் கிளிப்புகள் பெட்டியில் வருகின்றனவா என்றும் பாருங்கள்.

புதிதாக இருக்கும்போதே படமெடுங்கள்: பாகங்களை ஓர் அடி ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் போட்டோ எடுங்கள். "வீட்டுச் சாமான்" என்று ஒரு போல்டர் உருவாக்கி, பொருளின் பெயரில் தனித்தனி போல்டராக வையுங்கள். பில், கையேடு, மாடல் எண் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். உடைந்த துண்டை வைத்து அளவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உடைந்த பிறகுதான் தெரியும்.

தேடிப் பார்த்துவிட்டு வரையுங்கள்: 2008ல் தொடங்கிய திங்கிவர்ஸ் போன்ற தளங்களில் பலர் தாங்கள் வரைந்த பாகங்களை இலவசமாக வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கலாம். நீங்கள் வரைந்ததையும் அங்கே போடுங்கள். எந்தப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டீர்கள், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பைலின் பின்னொட்டைக் கவனியுங்கள்: வரைபடம் என்ற பெயரில் ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் பைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். அது வைரஸாக இருக்கலாம். விண்டோஸ் பொதுவாக இந்தப் பின்னொட்டைக் காட்டாது. பைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய், பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் செய்து கொள்ளுங்கள். விண்டோஸ் 11ல் வியூ மெனுவில் ஷோ என்பதன் கீழ் இது இருக்கும்.

புகார் செய்யுங்கள்: உதிரிப் பாகம் இல்லை என்று கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்யலாம். ஒரு கிளிப்புக்காகவா என்று வெட்கப்பட வேண்டாம். ஆயிரம் பேர் ஒரே கிளிப்பைப் பற்றிச் சொன்னால் அது கணக்கில் வரும்.

இந்த மாதம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உடைந்து கிடக்கும், ஆபத்தில்லாத சின்னப் பாகம் ஒன்றைத் தேடி எடுத்து, அளந்து, டிங்கர்கேட்டில் வரைந்து பாருங்கள். கேம்ஸ் ஆடவும் சினிமா பார்க்கவும் வாங்கிய பெட்டி, குப்பைக்குப் போக இருந்த ஒரு பொருளைத் திருப்பித் தரும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி.